மைக் மாத்துறதுக்கு முன்னாடி கீ பைண்ட பாருங்க, பட்டு தெரிஞ்சுக்கிட்டது

மைக் டெஸ்ட் பண்ணா குரல் தெளிவா கேக்குது, செட்டிங்ஸ்ல எல்லாம் சரியா இருக்கு, லாபில பேசுனா எல்லாரும் பதில் சொல்றாங்க, ஆனா மேட்ச் ஆரம்பிச்சு சண்டை சூடு பிடிக்கிற நேரத்துல நீங்க கத்துன ஒண்ணும் டீமுக்கு போய் சேரல, ரவுண்ட் முடிஞ்சதும் "ஏன்டா ஒண்ணுமே சொல்லல"ன்னு கேக்குறாங்க. இப்படி யாருக்காவது நடந்துட்டு இருந்தா அவங்களுக்காகத்தான் இத எழுதுறேன், காரணம் மைக்கா இல்லாம கீ பைண்டா, அதாவது எந்த கீ எந்த வேலைய செய்யணும்னு கேம்ல வச்சுருக்குறதா, இருக்கலாம். எனக்கு இது பல மாசம் நடந்துச்சு, யாரும் காரணம் சொல்லல, நானே ஒவ்வொண்ணா தட்டுத்தடுமாறி கண்டுபிடிச்சேன், அதுக்குள்ள காசும் போச்சு டீம்ல இடமும் போச்சு.

ஆரம்பத்துல இருந்து சொல்றேன். அஞ்சு பேர் சேர்ந்து ஒரு டாக்டிகல் ஷூட்டர் ஆடிட்டு இருந்தோம், பேர் வேண்டாம், பாம் வைக்கிற மாதிரி ஒரு கேம்னு வச்சுக்கோங்க. ராங்க்டு ஆடுவோம், அப்பப்ப சின்ன சின்ன ஆன்லைன் டோர்னமெண்ட்லயும் பேர் குடுப்போம். என் வேலை ஒரு சைட்ட, அதாவது பாம் வைக்கிற இடத்த, தனியா பிடிச்சு நிக்கிறது. அந்த ரோல்ல கொல்றத விட தகவல் சொல்றதுதான் முக்கியம், எத்தன பேர் வர்றாங்க, எங்க இருந்து வர்றாங்க, பாம் யார் கைல இருக்குன்னு நான் சொன்னாத்தான் மத்த நாலு பேரும் ரொட்டேட் ஆவாங்க, அதாவது இடம் மாறி உதவிக்கு வருவாங்க. நாங்க ஆடுறது புஷ் டு டாக், ஒரு கீய அமுக்கிப் பிடிச்சாத்தான் மைக் திறக்கும், அத அமுக்கிட்டு நான் சொல்லிட்டுத்தான் இருந்தேன். ஆனா அவங்களுக்கு பாதிதான் கேட்டுருக்கு, அதுலயும் முக்கியமான பாதி கேக்கல. முதல்ல சிரிச்சுட்டு விட்டாங்க, அப்புறம் கோவப்பட்டாங்க, அப்புறம் கேப்டன் தனியா கூப்ட்டு "மச்சான் நீ ஆட்டத்துல டென்ஷன் ஆகி வாய் அடைச்சு போய் நிக்குற, கொஞ்ச நாள் வெளிய இருந்து பாரு"ன்னு சொன்னான். அத கேட்டப்ப எனக்கு அவ்ளோ வலிச்சுச்சு. தொண்ட வறண்டு போற அளவுக்கு பேசிட்டு இருந்தவன்கிட்ட நீ பேசவே இல்லன்னு சொன்னா என்ன பதில் சொல்றது. நான் பேசுனேன்டான்னு சொன்னா அது சாக்கு மாதிரி கேக்குது.

அப்புறம் எல்லாரும் என்ன செய்வாங்களோ அதத்தான் செஞ்சேன், முதல்ல ஹெட்செட் மாத்துனேன். பழசு மைக் போச்சுன்னு நெனச்சு கையில சேத்து வச்சுருந்த காசுல புதுசு ஒண்ணு வாங்குனேன், நல்ல விலைல. பிரச்சினை அப்படியே இருந்துச்சு. சரி சவுண்ட் போர்ட்ல கோளாறா இருக்கும்னு ஒரு யூஎஸ்பி சவுண்ட் கார்டு. அதுலயும் சரியாகல. இன்டர்நெட் பாக்கெட் லாஸ், அதாவது போற வழில டேட்டா தொலையுதுன்னு ஒருத்தர் சொன்னாரு, அதுக்கு ரவுட்டர் பக்கத்துல வரைக்கும் புது கேபிள் இழுத்தேன். இது எல்லாத்துக்கும் ஆன செலவுல பாதி காசுக்கு ஒரு நல்ல கீபோர்டே வாங்கிருக்கலாம், ஆனா கடைசில அதுவும் தேவப்படல, செலவே இல்லாம தீந்துச்சுங்குறதுதான் இன்னும் மனசுல உறுத்துது.

விஷயம் எப்படி பிடிபட்டுச்சுன்னா, ஒரு நாள் என் ஆட்டத்த வீடியோவா ரெக்கார்ட் பண்ணி நிதானமா பாத்தேன். நிறைய கேம்ல நீங்க பேசும்போது ஸ்க்ரீன் ஓரத்துல ஒரு சின்ன ஸ்பீக்கர் ஐகானோ உங்க பேரோ எரியும். அத மட்டும் பாத்துட்டே இருந்தேன். நின்ன இடத்துல பேசும்போது எரியுது, நேரா ஓடும்போது எரியுது, சாய்வா ஓடும்போது, அதாவது முன்னாடி போற டபிள்யூவும் இடது பக்கம் போற ஏவும் சேந்து அமுங்கியிருக்கும்போது, எரியவே இல்ல. வாய் பேசுது, விரல் பேசுறதுக்கு வச்சுருக்குற வி கீய அமுக்குது, கேமுக்கு அந்த கீ அமுங்குனதே தெரியல. சண்டைல யாரும் நேர்கோட்டுல ஓட மாட்டோம் இல்லையா, அதனால சண்டைல மட்டும் என் குரல் காணாம போயிருக்கு. மைக் கடைசி வரைக்கும் நல்லாத்தான் இருந்துருக்கு.

இத நீங்க வீட்லயே ஒரு நிமிஷத்துல டெஸ்ட் பண்ணலாம், தயவுசெஞ்சு எதையும் வாங்குறதுக்கு முன்னாடி இத பண்ணிருங்க. நோட்பேட திறங்க, டபிள்யூவையும் ஏவையும் சேத்து அமுக்கிப் பிடிங்க, பிடிச்சுக்கிட்டே பேசுறதுக்கு வச்சுருக்குற கீய அமுக்குங்க. அந்த எழுத்து திரைல வருதான்னு பாருங்க. அப்புறம் டபிள்யூ கூட டி, எஸ் கூட ஏ, எஸ் கூட டின்னு எல்லா ஜோடியும், அதோட ஷிஃப்ட் சேத்து ஒரு தடவ, ஷிஃப்ட் இல்லாம ஒரு தடவ. கன்ட்ரோல் கூட எழுத்து வராது, அதுக்கு பிரவுசர்லயே கீபோர்ட் டெஸ்டர்னு தேடுனா படம் போட்டு எந்த கீ அமுங்கியிருக்குன்னு காட்டுற பக்கங்கள் கெடைக்கும். எந்த ஜோடில கீ தொலையுதோ அத எழுதி வச்சுக்கோங்க.

ஏன் இப்படி ஆகுதுன்னு தெரிஞ்சுக்கிட்டா கீ தேர்ந்தெடுக்க ரொம்ப உதவும். கீபோர்டுக்குள்ள ஒவ்வொரு கீக்கும் தனித்தனி வயர் கிடையாது. வரிசையும் நெடுவரிசையுமா கோடு ஓடும், ரெண்டும் சந்திக்கிற இடத்துல ஒவ்வொரு கீயும் இருக்கும், உள்ள இருக்குற சிப் ஒவ்வொரு வரியா சோதிச்சு எந்த கீ அமுங்கிருக்குன்னு கண்டுபிடிக்கும். நீங்க அமுக்குற மூணு கீ ஒரு செவ்வகத்தோட மூணு மூலைல விழுந்துட்டா, நாலாவது மூலைல இருக்குற கீயும் அமுங்குன மாதிரியே சிப்புக்கு தெரியும். இதத்தான் கோஸ்டிங்னு சொல்றாங்க. அந்த குழப்பத்த தவிர்க்க, விலை கம்மியான கீபோர்டெல்லாம் அந்த மூணாவது கீய கண்டுக்காமயே விட்டுரும். ஒவ்வொரு கீக்கும் ஒரு டயோட், அதாவது மின்சாரத்த ஒரு பக்கமா மட்டும் விடுற பொருள், வச்சுட்டா இந்த பிரச்சினை வராது, கேமிங் கீபோர்ட்ல என்-கீ ரோல்ஓவர்னு போட்டுருக்குறது அதுதான். பெட்டி மேல 6 கீ ரோல்ஓவர்னு போட்டா அதுக்கும் ஒரு காரணம் இருக்கு, யூஎஸ்பி கீபோர்டோட அடிப்படை ரிப்போர்ட் 8 பைட்தான், முதல் பைட் ஷிஃப்ட், கன்ட்ரோல், ஆல்ட், விண்டோஸ் கீ எல்லாம் இடது வலதுன்னு சேத்து 8 மாடிஃபையருக்கு, அடுத்த பைட் ஒதுக்கி வச்சது, மீதி 6 பைட்ல 6 சாதாரண கீ. இந்த விவரத்துல நமக்கு வேண்டியது ஒண்ணுதான், மாடிஃபையர் கீ எல்லாம் தனி கணக்குல போகுது, பெரும்பாலான கீபோர்ட்ல அதோட வயரும் மத்த கீ கூட மோதாத மாதிரி தனியா போட்டுருப்பாங்க, ஏன்னா ஷிஃப்ட் அமுக்கிட்டு எந்த எழுத்த அடிச்சாலும் வரணுமே.

அதனால நான் புது கீபோர்ட் வாங்காம, பேசுற கீய வி கீல இருந்து இடது ஆல்ட்டுக்கு மாத்துனேன். அன்னைக்கு ராத்திரி ராங்க்டுல முன்னப்பின்ன தெரியாத ஒருத்தர் "நல்ல கால்அவுட் ப்ரோ"ன்னு, அதாவது தகவல நல்லா சொன்னேன்னு, சொன்னாரு. எத்தனையோ நாள் கழிச்சு யாரோ என் பேச்ச கேட்டுருக்காங்கன்னு நெனச்சப்ப கண்ணு கலங்கிருச்சு, மறைக்க ஒண்ணும் இல்ல.

இப்ப இதுல இருந்து நான் பிடிச்சுக்கிட்ட முக்கியமான விஷயத்துக்கு வர்றேன். பைண்ட் வைக்கும்போது எல்லாரும் எந்த கீ காலியா இருக்குன்னு பாக்குறோம். எந்த விரல் காலியா இருக்குன்னு பாருங்க. இடது கைல சுண்டு விரல் ஷிஃப்ட், கன்ட்ரோல்ல இருக்கு, மோதிர விரல் ஏல, நடு விரல் டபிள்யூ எஸ்ல, ஆள்காட்டி விரல் டில. மோதிர விரல எடுத்து இசட்டையோ எக்ஸையோ அமுக்குனா அந்த நொடில உங்களால இடது பக்கம் நகர முடியாது, ஆள்காட்டி விரல எடுத்து ஜி, பின்னு போனா வலது பக்கம் போக முடியாது, அந்த ஒரு நொடி போதும் தலைல வாங்குறதுக்கு. கட்டைவிரல் மட்டும்தான் பெரும்பாலான நேரம் சும்மா இருக்கு, குதிக்கிறதுக்கு எப்பவாவது ஸ்பேஸ் அமுக்கும் அவ்ளோதான். அதனால பேசுற கீ கட்டைவிரலுக்கு எட்டுற இடத்துல இருக்கணும், ஆல்ட், சி, வி, சிலருக்கு கை பெருசா இருந்தா N கீ கூட. இதுல உங்க கீபோர்ட்ல எது மோதலையோ அத எடுத்துக்கோங்க.

மவுஸ் பக்கவாட்டு பட்டன்ல பேசுற கீய வைக்கலாமேன்னு கேப்பீங்க, நிறைய பேர் வச்சுருக்காங்க, நானும் கொஞ்ச காலம் வச்சுப் பாத்தேன். எனக்கு சரிவரல, காரணம் சொல்றேன். அமுக்கிப் பிடிச்சுட்டே இருக்குற வேலைய மவுஸ் கட்டைவிரலுக்கு குடுத்தா அது மவுஸ பக்கவாட்டுல இறுக்கிப் பிடிக்க ஆரம்பிக்குது, அப்ப குறி வைக்கும்போது கை கல்லு மாதிரி ஆகிருது, சின்ன சின்ன திருத்தம் பண்ண முடியல. பேசிக்கிட்டே சுடுறதுதான் நம்ம வேலையே, அதுல போய் இடைஞ்சல் வரக்கூடாது. ஆனா ஒரு தட்டு தட்டிட்டு விட்டுடுற வேலைக்கு மவுஸ் பட்டன் ரொம்ப பொருத்தம். அதனால நான் பிரிச்சுக்கிட்டேன், பிடிச்சுட்டே இருக்க வேண்டியது கீபோர்டுக்கு, தட்டிட்டு விடுறது மவுஸுக்கு. பிங் அடிக்கிறது, அதாவது ஒரு இடத்த காட்டி டீமுக்கு குறி போடுறது, என் மவுஸ்ல முன்பக்க சைட் பட்டன்ல இருக்கு. சில கேம்ல பிங் டிஃபால்ட்டா மிடில் பட்டன்ல வரும், அதாவது வீல அமுக்கணும், அமுக்கும்போது வீல் லேசா உருண்டு துப்பாக்கி மாறிருச்சுன்னா சண்டைல கத்திய பிடிச்சுட்டு நிப்பீங்க. வீல்ல ஆயுதம் மாத்துற பழக்கம் இருந்தா பிங்க அங்க வைக்காதீங்க.

ஆல்ட்டுக்கு மாறுனதும் எல்லாம் சுபம்னு நெனச்சேன், அங்க இன்னொண்ணு காத்துட்டு இருந்துச்சு. என் கம்ப்யூட்டர்ல இங்கிலீஷ் கூட தமிழ் லேஅவுட்டும் போட்டு வச்சுருக்கேன், இத படிக்கிற உங்கள்ல நிறைய பேரும் வச்சுருப்பீங்க. விண்டோஸ்ல இடது ஆல்ட்டும் ஷிஃப்ட்டும் சேத்து அமுக்குனா மொழி மாறிரும். நான் ஷிஃப்ட் பிடிச்சு சத்தமில்லாம நடந்துக்கிட்டே ஆல்ட் அமுக்கி பேசுறேன், ஆட்டத்துக்கு நடுவுல மொழி மாறிருது. சில கேம் கீயோட இடத்த வச்சு படிக்கும், அங்க ஒண்ணும் ஆகாது, சாட்ல டைப் பண்ணும்போதுதான் தமிழ் எழுத்தா வந்து விழும். சில கேம் எழுத்த வச்சு படிக்கும், அங்க பாதி பைண்ட் செத்துரும், காலும் நகராது கையும் ஓடாது, எதிரி முன்னாடி நிக்கிறான். இதுக்கு அட்வான்ஸ்ட் கீபோர்ட் செட்டிங்ஸ்னு தேடி உள்ள போய், இன்புட் லாங்குவேஜ் ஹாட் கீஸ்ல, சேஞ்ச் கீ சீக்வென்ஸ் அமுக்கி, நாட் அசைன்ட்னு வச்சுருங்க. மொழி மாத்தணும்னா விண்டோஸ் கீயும் ஸ்பேஸும் எப்பவும் போல வேலை செய்யும், அதுல ஒண்ணும் இழப்பு இல்ல. அதே மூச்சுல ஸ்டிக்கி கீஸோட ஷார்ட்கட்டையும் அணைச்சுருங்க, ஷிஃப்ட்ட அஞ்சு தடவ தொடர்ந்து தட்டுனா வந்து குறுக்க நிக்கும். ஆல்ட் பக்கத்துலயே விண்டோஸ் கீ வேற இருக்கு, தவறி பட்டா கேம் கீழ போயிரும், உங்க கீபோர்ட்ல அத பூட்டுற கேம் மோட் பட்டன் இருந்தா அத போட்டு வைங்க.

டீம்ல மறுபடி சேந்த அப்புறம் நாங்க கேமோட வாய்ஸ விட்டுட்டு தனி வாய்ஸ் ஆப்ல பேச ஆரம்பிச்சோம், அங்கயும் அதே கதை, கேம் மினிமைஸ் ஆகியிருந்தா என் குரல் டீமுக்கு போய் சேருது, கேம் முன்னாடி இருந்தா சேரல. இந்த தடவ நான் மைக்க சந்தேகப்படல, நேரா கீய சந்தேகப்பட்டேன். காரணம் என்னன்னா நான் அந்த கேம அட்மினிஸ்ட்ரேட்டரா ரன் பண்ணிட்டு இருந்தேன், வாய்ஸ் ஆப் சாதாரணமா ஓடுது. விண்டோஸ்ல கம்மி அனுமதி உள்ள புரோகிராம், கூட அனுமதி உள்ள புரோகிராமுக்கு போற கீய பாக்க முடியாது, அது ஒரு பாதுகாப்பு ஏற்பாடு. ரெண்டையும் ஒரே அளவுல வைங்க, முடிஞ்சா கேம சாதாரணமாவே ஓட்டுங்க, கேமுக்கு அட்மின் கட்டாயம்னா வாய்ஸ் ஆப்பையும் அட்மினா ஓட்டுங்க. இன்னொரு விஷயம், ரெண்டு வாய்ஸும் ஒரே கீல இருந்தா நண்பர்கள்கிட்ட சொல்ற சொந்தக் கதையெல்லாம் கேம்ல இருக்குற முகம் தெரியாத ஆளுக்கும் கேக்கும். தனி ஆப்ல பேசுற நாள்ல கேம் வாய்ஸ வேற கீக்கு மாத்துங்க. வேலரன்ட்ங்குற ஷூட்டர் கேம்ல இத அவங்களே பிரிச்சு வச்சுருக்காங்க, டீமுக்கு ஒரு கீ, பார்ட்டிக்கு, அதாவது கூட சேந்து வந்த நண்பர்களுக்கு, ஒரு கீன்னு.

கீய எப்ப விடுறோங்குறதும் முக்கியம், தமிழ்ல பேசுற டீமுக்கு இது ரொம்பவே முக்கியம். நாம இல்லங்குறத வாக்கியத்தோட கடைசிலதான் சொல்றோம். "பி சைட்ல யாரும் இல்ல"ன்னு சொல்லி முடிக்கிற அவசரத்துல கீய விட்டுட்டா "பி சைட்ல யாரும்"னு மட்டும் போகும், அதுக்கும் முன்னாடியே வெட்டுப்பட்டா "பி சைட்ல"ன்னு மட்டும் போகும், நாலு பேரும் பிக்கு ஓடி வருவாங்க, பாம் ஏல வெடிக்கும். எங்க டீம்ல இது நெஜமாவே நடந்து ஒரு மேட்ச் கைவிட்டு போச்சு. டிஸ்கார்ட்ங்குற வாய்ஸ் ஆப்ல புஷ் டு டாக் ரிலீஸ் டிலேன்னு ஒரு ஸ்லைடர் இருக்கு, அத கொஞ்சம் கூட்டி வச்சா கீய விட்டதுக்கு அப்புறமும் ஒரு கணம் மைக் திறந்திருக்கும். கேம்ல அந்த வசதி இல்லன்னா சொல்லி முடிச்சு ஒரு மூச்சு விட்டு கீய விடணும். அமுக்கும்போதும் அப்படித்தான், அமுக்கின அந்த நொடியே வாய் திறந்தா முதல் அசை வெட்டுப்படும். நாங்க இப்ப "பி காலி", "ஏ ரெண்டு பேர்"னு இடத்த முதல்ல, மீதிய அடுத்து, அதிகபட்சம் மூணு சொல்லுல முடிச்சுருவோம். காலிங்குறது இல்லங்குறத விட தெளிவா கேக்குது.

சரி இப்ப எழுத்து பைண்ட், அதாவது ஒரு கீய தட்டுனா முன்னாடியே எழுதி வச்ச செய்தி டீம் சாட்டுக்கு போறது. எல்லா நேரமும் பேச முடியாது, ராத்திரி வீட்ல எல்லாரும் தூங்கும்போது கத்த முடியாது, சிலருக்கு முகம் தெரியாத ஆளுங்க முன்னாடி குரல் குடுக்க விருப்பம் இருக்காது, குறிப்பா பொண்ணுங்க குரல் கேட்டதும் தேவையில்லாத பேச்சு வர்ற லாபி நிறைய இருக்கு, அவங்களுக்கெல்லாம் பிங்கும் எழுத்து பைண்டும்தான் கை குடுக்கும். இந்த வசதி ரொம்ப பழசு. 1996ல வந்த குவேக்ங்குற கேம்லயே கன்சோல்ல, அதாவது கேமுக்கு கமாண்ட் டைப் பண்ற பெட்டில, பைண்ட்னு அடிச்சு ஒரு கீக்கு எந்த கமாண்டையும் கட்டலாம், டீம் ஆட்டத்துல இருந்தவங்க இருக்குற இடத்தையும் மிச்ச உயிரையும் ஒரே தட்டுல டீமுக்கு அனுப்புனாங்க. அந்த குவேக் இன்ஜின்ல இருந்து வளர்ந்ததுதான் ஹாஃப் லைஃப், அதுல இருந்துதான் கவுன்ட்டர் ஸ்ட்ரைக், அதனால இன்னைக்கு கவுன்ட்டர் ஸ்ட்ரைக் 2லயும் அதே பைண்ட் கமாண்ட் அப்படியே இருக்கு. பைண்ட்னு போட்டு, மேற்கோள் குறிக்குள்ள கீ பேரு, இன்னொரு மேற்கோள் குறிக்குள்ள சே அண்டர்ஸ்கோர் டீம்னு (say_team) போட்டு செய்தி. டீம்ங்குறத விட்டுட்டு வெறும் சேன்னு (say) போட்டீங்கன்னா எதிர் டீமுக்கும் சேத்து உங்க திட்டம் போயிரும், அத ரெண்டு தடவ சரி பாருங்க.

இந்த வரிகள ஆட்டோஎக்ஸெக்னு ஒரு கான்ஃபிக் ஃபைல்ல எழுதி கேமோட கான்ஃபிக் ஃபோல்டர்ல வைக்கணும். இங்கதான் எனக்கு ஒரு முழு வார இறுதி போச்சு. ஃபைல் இருக்கு, கேம் படிக்கல. விண்டோஸ் ஃபைல் பேரோட வால மறைச்சு காட்டும், நோட்பேட்ல சேவ் பண்ணும்போது டாட் சிஎஃப்ஜிக்கு பின்னாடி டாட் டிஎக்ஸ்டின்னு ஒண்ணு ஒட்டிக்கிட்டு இருந்துருக்கு, கண்ணுக்கு தெரியல. ஃபோல்டர் வியூல ஃபைல் நேம் எக்ஸ்டென்ஷன்ஸ்ங்குறத ஆன் பண்ணிட்டு பேர பாருங்க. அது சரியாகியும் சில பைண்ட் ஓடல, ஏன்னா எங்கயோ இருந்து காப்பி பண்ணி ஒட்டுனதுல மேற்கோள் குறி வளைஞ்ச குறியா வந்துருக்கு, கேமுக்கு நேர் குறி மட்டும்தான் புரியும், கையாலேயே அடிங்க. செய்திக்குள்ள அரைப்புள்ளி போடாதீங்க, கேம் அத ரெண்டு கமாண்டுன்னு நெனச்சு செய்திய பாதில வெட்டிரும். கமாண்டுக்கு முன்னாடி ப்ளஸ் குறி இருந்தா அது அமுக்கிப் பிடிக்கிற வரைக்கும் ஓடுற கமாண்ட், வாய்ஸ் ரெக்கார்டுக்கு அந்த ப்ளஸ் இல்லாம பைண்ட் பண்ணா வேலைக்கு ஆகாது.

என்ன செய்தி வைக்கிறதுன்னா, நான் முதல்ல மேப்ல இருக்குற எல்லா இடத்துக்கும் ஒரு கீ வச்சேன், நம்பர் பேட் முழுக்க. சண்டைல எந்த கீ எதுன்னு ஞாபகம் வரல, வந்தாலும் வலது கைய மவுஸ்ல இருந்து எடுத்தாத்தான் நம்பர் பேட் எட்டும், அது நடக்காத காரியம். இப்ப நான் ரெண்டா பிரிச்சுட்டேன். சண்டைக்குள்ள தேவைப்படுறது குரலும் பிங்கும் மட்டும். ரவுண்ட் ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி கிடைக்கிற அமைதியான நேரத்துல சொல்றது எழுத்து பைண்ட், எனக்கு ஒரு துப்பாக்கி வாங்கிக் குடுங்க, இந்த ரவுண்ட் காசு சேக்கலாம், ஏக்கு ஸ்மோக் நான் போடுறேன், மைக் இல்ல ஆனா நீங்க பேசுறது கேக்குது. இதுக்கு எஃப் வரிசை கீ போதும், அப்ப கை காலியா இருக்கும். கடைசியா சொன்ன அந்த மைக் இல்லங்குற செய்திதான் என் பைண்ட்லயே ரொம்ப பிரயோஜனமானது, ஆட்டம் ஆரம்பத்துல அத ஒரு தடவ தட்டிட்டா யாரும் நம்ம மேல எரிச்சல் படுறது இல்ல. ஒரே செய்திய திரும்பத் திரும்ப தட்டாதீங்க, டீம் உங்க சாட்ட மியூட் பண்ணிருவாங்க, அப்புறம் நிஜமான தகவலும் போகாது.

பைண்ட் வச்சா பேன் ஆகிருமான்னு பயந்து கேக்குறவங்க இருக்காங்க. 2024 ஆகஸ்ட்ல கவுன்ட்டர் ஸ்ட்ரைக் 2ல வந்த அப்டேட் தடுத்தது நகர்றதையும் சுடுறதையும் ஒரே கீல ஒண்ணுக்கு மேல சேத்து கட்டுற பைண்ட், அப்புறம் கீபோர்டே தானா எதிர்த் திசை அமுக்கி குடுக்குற மாதிரி வசதிகள். கேமோட கன்சோல்ல செய்தி அனுப்புற பைண்டுக்கும் அதுக்கும் சம்பந்தம் இல்ல. ஆனா கீபோர்ட் சாஃப்ட்வேர்ல மேக்ரோ போட்டு தானா டைப் பண்ண வைக்கிறத நான் தொட மாட்டேன், ஆன்டி சீட், அதாவது ஏமாத்துறவங்கள பிடிக்கிற சாஃப்ட்வேர், அத எப்படி பாக்கும்னு ஒவ்வொரு கேமுக்கும் மாறும், அவ்ளோ ரிஸ்க் அதுக்கு தேவையில்ல. வேலரன்ட்ல கன்சோலே கிடையாது, அங்க உள்ள இருக்குற ரேடியோ கமாண்ட், பிங் வீல் இதுலதான் ஆடணும், அதுவே தாராளம்.

உள்ள இருக்குறத குறைவா நெனைக்காதீங்கன்னு அழுத்தி சொல்வேன். 2019 பிப்ரவரில வந்த அபெக்ஸ் லெஜன்ட்ஸ்ல ஒரு தட்டு தட்டுனா அங்க போலாம், ரெண்டு தட்டு தட்டுனா அங்க எதிரி, துப்பாக்கி மேல தட்டுனா இங்க இது இருக்கு, கேரக்டரே வாய்விட்டு சொல்லிரும், ஒரு வார்த்தை பேசாம முழு மேட்ச் ஆடலாம். டீம் ஃபோர்ட்ரஸ் 2ல ஈ (E) கீய தட்டுனா உயிர் ஏத்துற மெடிக்க கூப்பிடும், ஓவர்வாட்ச்ல எக்ஸ தட்டுனா உயிர் வேணும்னு சொல்லும். ஆனா பாத்தீங்களா, ஒவ்வொரு கேம்லயும் ஒவ்வொரு கீ. ரெண்டு மூணு கேம் மாத்தி மாத்தி ஆடுறவங்க டிஃபால்ட்ட நம்பி இருந்தா விரல் எப்பவும் தடுமாறும். பேசுறதுக்கு ஒரே கீ, பிங்குக்கு ஒரே பட்டன்னு எல்லா கேம்லயும் ஒரே இடத்துல வைங்க, கேம் இன்ஸ்டால் பண்ணதும் முதல் வேலை அதுவா இருக்கட்டும். மாத்துறதுக்கு முன்னாடி கன்ட்ரோல்ஸ் பக்கத்த போன்ல ஒரு போட்டோ எடுத்துக்கோங்க, ஏன்னா புது கீ வைக்கும்போது அந்த கீல முன்ன இருந்த வேலை சத்தமில்லாம அழிஞ்சுரும், கிரனேடோ கதவு திறக்குறதோ காணாம போனது சண்டை நடுவுலதான் தெரியும்.

புது கீ விரலுக்கு பழகுற வரைக்கும் ராங்க்டு பக்கம் போகாதீங்க. நான் பாட் மேட்ச்ல, அதாவது கம்ப்யூட்டரே ஆடுற ஆளுங்க கூட, யாருமே கேக்காட்டியும் பேசிக்கிட்டே ஆடுனேன், சாய்வா ஓடி, உக்காந்து, குதிச்சு, ஒவ்வொரு அசைவுலயும் ஆல்ட் அமுக்கி இடம் பேரு சொல்லி, அந்த ஸ்பீக்கர் ஐகான் எரியுதான்னு ஓரக்கண்ணால பாத்துக்கிட்டே. முதல்ல பேசுனா கை நின்னுரும், கை ஆடுனா வாய் நின்னுரும், கொஞ்சம் கொஞ்சமாத்தான் ரெண்டும் தனித்தனியா ஓடும். கேப்டன் ஒரு நாள் நான் ரெக்கார்ட் பண்ண அந்த பழைய வீடியோவ பாத்தான். வாய் பேசுது, ஐகான் எரியல. "சாரிடா மச்சான், நான் கேக்காம முடிவு பண்ணிட்டேன்"னு சொன்னான். உங்க டீம்ல யாராவது பேசலன்னு தோணுனா, அவன ஒதுக்குறதுக்கு முன்னாடி அந்த நோட்பேட் டெஸ்ட்ட ஒரு தடவ பண்ண சொல்லுங்க.

இன்னொண்ணு விட்டுப் போச்சு. டீம் வாய்ஸ மொத்தமா நிறுத்தி திரும்ப தட்டுனா திறக்குற மாதிரி ஒரு பைண்டும் வச்சுக்கோங்க, கடைசி ஆளா நீங்க மட்டும் உயிரோட இருக்கும்போது செத்த நாலு பேரும் ஒரே நேரத்துல யோசனை சொன்னா எதிரியோட காலடி சத்தம் கேக்காது. கவுன்ட்டர் ஸ்ட்ரைக் ஆளுங்க இத க்ளட்ச் பைண்ட்னு சொல்வாங்க. ரவுண்ட் முடிஞ்சதும் மறக்காம திறந்துருங்க. எல்லாம் சரியா அமைஞ்ச அப்புறம் கான்ஃபிக் ஃபைல ஒரு காப்பி எடுத்து கம்ப்யூட்டருக்கு வெளிய எங்கயாவது போட்டு வைங்க, ரீஇன்ஸ்டால் பண்ணும்போதோ வேற சிஸ்டம்ல உக்காரும்போதோ முதல்ல இருந்து செய்ய வேண்டியிருக்காது. ஏதாவது கீ ஜோடி உங்க கீபோர்ட்ல மோதுதுன்னு தெரிஞ்சா கீபோர்ட் மாடலோட சேத்து எழுதுங்க, அதே கீபோர்ட் வச்சுருக்குற இன்னொருத்தருக்கு ஒரு ஹெட்செட் காசு மிச்சமாகும்.